நடுகல் இல்லாத வீரரும் அவர்தம் இல்லத்தாரும்

தமிழிலக்கியம் போரைப் பாடிய அளவுக்குப் போரில் மாண்டவனின் வீட்டையும் பாடியிருக்கிறது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மலேசியத் தமிழரிடையே இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மேடைகளில் புறநானூற்றின் இரண்டு பாடல்கள் தவறாமல் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடல். மகன் புறங்காட்டினான் என்று கேள்விப்பட்ட முதியவள் வாளோடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டி, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்த காட்சி அது. மற்றொன்று ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல். பிறந்த வீட்டவனையும் கைப்பிடித்தவனையும் அடுத்தடுத்த போர்களில் பறிகொடுத்தவள், இன்றைய போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்பிவைக்கிறாள். தோட்டப்புறத்துத் தாய்மாரும் அவ்வாறே தம் பிள்ளைகளை நேதாஜியின் படைக்கு அனுப்பினர் என்று பேச்சாளர் முடிப்பார், கைத்தட்டல் எழும்.

கைத்தட்டலில் எனக்குக் குறையில்லை. ஆனால் மாசாத்தியார் அந்தப் பாடலை எப்படித் தொடங்குகிறார் என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தல் நன்று. அவர் அந்தத் தாயை உடனே போற்றிவிடவில்லை. அவளுடைய மனத்தைக் கண்டு நடுங்குகிறார். அந்தத் துணிவு அச்சந்தருவது என்கிறார். அதன் பின்னரே அவள் மறக்குடியிற் பிறந்தவள் என்னும் தகுதியை ஒப்புக்கொள்கிறார். புலவரின் முதற்சொல் நடுக்கம். பெருமிதம் அதற்கு அடுத்தது. மேடையில் இந்த முதற்பகுதி விடுபட்டுப் போகிறது. விடுபட்டதும் அந்தத் தாய் மனிதப் பிறவியாக இல்லாமல் வெறும் சிலையாகிவிடுகிறாள்.

இதே புறநானூற்றில் வன்பரணரின் 255ஆம் பாடல் இருக்கிறது. காட்டு வழியில் மாண்டு கிடக்கிறான் கணவன். ஓவென்று அலறலாமென்றால் புலி வந்துவிடுமோ என்று மனைவி அஞ்சுகிறாள். அணைத்துத் தூக்கலாமென்றால் அவனது அகன்ற மார்பு அவள் வலிமைக்கு மிஞ்சியது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நட, மலை நிழலை அடைந்துவிடலாம் என்று பிணத்திடம் அவள் பேசுகிறாள். ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாடலோ இன்னும் சிறியது. இளமையில் தழையுடையாக உடுத்திய ஆம்பல், கணவன் மறைந்த பிறகு, வேளை தவறி உண்ணும் புல்லரிசியைத் தரும் செடியாகிவிட்டது என்று கைம்பெண்ணொருத்தி சொல்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஒக்கூர் என்ற ஊர்ப்பெயரைச் சுமந்த இருவரில் ஒருவர் மகனை அனுப்பிய தாயைப் பாடினார். மற்றவர் பின்னால் எஞ்சியவளின் உணவுத்தட்டைப் பாடினார். சங்கச் சான்றோர் இவ்விரண்டையும் ஒரே தொகையில் வைத்தனர். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மலாயாத் தமிழர் போர்க்களம் சென்றதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதியவற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். படைக்குப் போனவனைப் பற்றி நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். அவன் போன பிறகு லயத்தில் இருந்தவர்களைப் பற்றி ஏறக்குறைய எழுதவேயில்லை.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வோம். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் கத்தே மண்டபத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள், அக்டோபர் 22இல், சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாவின் கித்தாக்காடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர் சேர்ந்தனர். பேராவும் இதற்கு விலக்கன்று. ஈப்போவைச் சுற்றியும், சுங்கை சிப்புட், கம்பார், தெலுக் இந்தான் பக்கங்களிலும் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் அது. காலைப் பெரட்டுக்கு நின்ற வரிசையிலிருந்து அணிவகுப்பு வரிசைக்குப் போவது ஒருவகையில் சிறு தொலைவுதான். மற்றொரு வகையில் அது ஒரு பிறவியின் தொலைவு. கிராணியின் முன்னால் குனிந்து நின்றவன் அங்கே நிமிர்ந்து நிற்கக் கற்றான்.

இந்த நிமிர்வை நம் கவிதைகள் நன்றாகவே பிடித்திருக்கின்றன. ஆனால் அதற்கு மேல் போகும்போது அவை மிகைக்குள் விழுகின்றன. ஜான்சி ராணிப் படைப் பெண்கள் இம்பால் களத்தில் பகைவரோடு பொருது மாண்டனர் என்ற வகையில் எழுதப்படும் விழா மலர்க் கவிதைகள் இதற்குச் சான்று. அந்தப் பெண்கள் பர்மாவுக்குச் சென்றனர். ரங்கூனிலும் மேமியோவிலும் இருந்தனர். களத்திலிருந்து வந்த காயம்பட்டோரையும் நோயாளிகளையும் பேணினர். போரில் முன்னணிக்கு அனுப்பப்படும் நாளை எதிர்பார்த்துப் பயின்றனர்; அந்த நாள் வரவில்லை. 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூன் கைவிடப்பட்டபோது போஸோடு அவர்களில் ஒரு பகுதியினர், பகலில் விமானத்துக்கு ஒளிந்தும் இரவில் நடந்தும், மௌல்மேன் வழியாக பாங்காக் நோக்கிப் பின்வாங்கினர். பின்வாங்கும் வழியில் தொடர்வண்டி தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் மாண்டனர். இதுதான் நடந்தது. கால் கொப்புளித்து நடந்த அந்த இரவுகளை உள்ளபடி எழுதுவது கவிஞருக்குப் போதாதா? இல்லாத களத்தில் இல்லாத வாளை அவர்கள் கையில் கொடுப்பவர், அவர்கள் உண்மையில் செய்ததைச் சிறியதென்று கருதுகிறார் என்றே பொருள்படும்.

ஆடவர் விஷயத்திலும் இப்படியே. 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பில் சென்ற அணிகள் பெரும்பாலும் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலிருந்து சிறைப்பட்டு, பின்னர் மனம் மாறிச் சேர்ந்த சிப்பாய்களைக் கொண்டவை. மலாயாவில் புதிதாகச் சேர்ந்த தமிழர் பலர் இருந்த நேரு படைப்பிரிவு 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் நின்றது. தோட்டத்துத் தமிழனின் களம் ஐராவதிதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் கதைகளில் எல்லாரும் இம்பாலுக்கே போகிறார்கள். ஐராவதிக் கரையில் தமிழில் எவரும் இன்னும் கால்வைக்கவில்லை. பயிற்சி முகாமிலேயே இருந்து போர் முடிந்து திரும்பியவர்களும் உண்டு. களத்தில் குண்டுபட்டு மாண்டவரினும் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் மாண்டவர் மிகுதி. வயிற்றுக்கடுப்பில் செத்தவனும் நாட்டுக்காகத்தான் செத்தான். அவனுக்கு ஒரு வெண்பாவும் கிடைக்கவில்லை.

இனி, இந்தப் பொருளில் யாரும் தொடத் தயங்கும் இடத்துக்கு வருவோம். ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று என்பது முதற்காரணமே. அதை ஐயுறுவோர் நேதாஜியின் கூட்டங்களுக்குத் தோட்ட மக்கள் கால்நடையாகச் சென்றதை அறியாதவர். ஆயினும் நாட்டுப்பற்று மட்டுமன்று. சப்பான்காரன் காலத்தில் பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு சோறாயிற்று. துணியில்லாமல் சாக்கைக் கட்டினர். அதைவிடக் கொடியது சயாம். ஆள்பிடிக்க லாரி வரும் ஓசை கேட்டதும் காட்டுக்குள் ஓடிய தலைமுறை அது. படையில் சேர்ந்தவனைச் சயாமுக்குப் பிடித்துப் போவதில்லை என்பதும் சேர்வதற்கு ஒரு காரணமாயிற்று. சயாம் பர்மா இரயில்பாதையின் இருமுனைகளும் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. தற்காலிக அரசு அறிவிக்கப்பட்ட நாளுக்கு நான்கே நாள் முந்தியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் ஓரத்தில் பல்லாயிரம் தமிழர் புதையுண்டு கிடந்த அதே வாரத்தில், அந்தப் பாதையை இட்ட சப்பானியரின் துணையோடு தமிழன் சுதந்திரக் கொடிக்கு வணக்கம் செலுத்தினான். ஒரு தோட்டத்தில், ஏன், ஒரே லயத்தில், மூத்தவன் சயாமுக்கும் இளையவன் படைக்கும் போயிருக்கக் கூடும். இருவரையும் ஈன்ற ஒருத்தி இருந்திருப்பாள். அவள் எந்தக் கொடியை வாழ்த்தியிருப்பாள்? எந்தக் கொடியைச் சபித்திருப்பாள்? இந்தக் கேள்வியிலேயே ஒரு பெருநாவல் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் நம் எழுத்தாளர்கள் சயாமை ஒரு நூலிலும் படையை வேறொரு நூலிலும் பிரித்து வைத்துவிட்டார்கள்.

பசிக்கும் பயத்துக்கும் சேர்ந்தான் என்று சொல்லிவிட்டால் தியாகம் குறைந்துபோகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். உலகத்துப் படைகளை நிரப்பியவர்களில் பசியில்லாமல் வந்தவர் எத்தனை பேர்? எதற்காகச் சேர்ந்தான் என்பது ஒன்று. சேர்ந்தபின் எதைத் தாங்கினான் என்பது வேறு. சயாமுக்கு அஞ்சிச் சேர்ந்த ஒருவன் ஐராவதிக் கரையில் நின்றபோது, அவனைப் பார்த்து நீ எதற்கு வந்தாய் என்று வெடிகுண்டு கேட்கவில்லை.

நூல்களுக்கு வருவோம். இப்பொருளில் தமிழில் தோன்றிய சிறந்த எழுத்து மலேசியாவில் வாழ்ந்தவரால் எழுதப்படவில்லை. போர்க்காலத்தில் இந்தோனேசியாவில் வாழ்ந்து பின்னர் தமிழகம் திரும்பிய ப. சிங்காரம் எழுதியது அது. அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. அதைப் பற்றிப் பலர் பேசிவிட்டனர். அதன் நாயகன் பாண்டியனைச் சின்னமங்கலமும் மதுரையும் நினைவாகத் தொடர்கின்றன. ஆனால் அவனை எதிர்பார்த்து இந்நாட்டில் வாசற்படியில் நிற்பவர் எவருமில்லை. அது திரிகின்ற தனியொருவனின் காவியம். நம் பொருளுக்கு நெருக்கமானது, 1959இல் நூலான, எல்லாரும் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிற, ‘கடலுக்கு அப்பால்’ என்ற சிறிய நாவலே.

பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளை. அவரிடம் வேலை பார்த்து, பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து திரும்பும் செல்லையா. பிள்ளையின் மகள் மரகதம். இவ்வளவுதான் கதை. செல்லையாவுக்கென்றே எண்ணப்பட்டிருந்த பெண் அவனுக்கு மறுக்கப்படுகிறாள். காரணம் சாதியுமன்று, வறுமையுமன்று. அவன் பட்டாளத்துக்குப் போனவன். பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆகமாட்டான் என்பது பிள்ளையின் முடிவு. சிங்காரம் பிள்ளையைக் கொடியவராக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வாழும் உலகில் அவர் சொல்வது சரிதான். கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய அடக்கமும் குனிவும் துப்பாக்கி பிடித்த கைக்கு மீளவும் வாரா என்று அவர் கணக்குப் பார்க்கிறார். காதலர் பிரிகின்றனர். போர் ஒருவனிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி நம் மொழியில் அரிது. உயிர் திரும்பி வந்துவிட்டது, உடம்பிலும் குறையில்லை, அவன் இருந்த இடம் மட்டும் இல்லாமல் போய்விட்டது.

இது வட்டிக்கடை உலகம்; கித்தாக்காட்டு உலகமன்று. படை கலைந்து தோட்டத்துக்குத் திரும்பியவனுக்கு என்ன நேர்ந்தது? உளியையும் காண்டாவையும் மீண்டும் எடுத்துக்கொண்டு, தன்னினும் இளைய கிராணிக்கு மீண்டும் கைகட்டினானா? கட்டாதவர்கள் இருந்தார்கள். கெடாவில் 1946, 47ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையில் அந்த அணிவகுப்பின் சாயல் தெரிகிறது. தொழிற்சங்கங்களிலும் அந்தக் குரல் கேட்டது. செல்லையாவின் தோட்டத்துத் தம்பி இவர்களுள் ஒருவனாக இருக்கலாம். அவனைச் சிங்காரம் அறிந்திருக்க முடியாது. நாம் அறிந்திருக்க முடியும்.

நம் நாட்டில் இப்பணியைக் கையிலெடுத்தவர்களுள் முதலாகக் குறிப்பிடத்தக்கவர் அ. ரெங்கசாமி. சப்பானியர் காலத்தையும், சயாம் இரயிலையும், இந்திய தேசிய இராணுவத்தையும் தனித்தனி நாவல்களாக எழுதும் துணிவு வேறு எவருக்கும் வரவில்லை. ‘லங்காட் நதிக்கரை’, ‘நினைவுச் சின்னம்’ ஆகியவற்றை அடுத்து 2006இல் வந்த ‘இமயத் தியாகம்’ மலாயாத் தமிழரின் படைவாழ்வையே பொருளாகக் கொண்டது. ஒரு சமூகம் தன் வரலாற்றை மறந்துகொண்டிருந்த வேளையில் அதைப் பிடித்து நிறுத்தியமைக்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நன்றி சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்பது அவமதிப்பாகாது. வரலாற்றைக் காப்பாற்றும் அவசரம் நாவலாசிரியரை எப்போதும் தலைவர்கள், மாநாடுகள், படைநகர்வுகள் ஆகிய பெரிய சாலைக்கே இழுக்கும். அந்தச் சாலையிலிருந்து விலகிச் செல்லும் ஒற்றையடிப்பாதை லயத்து வாசலுக்குப் போகிறது. அதில் இறங்குவது அடுத்து வருபவர்க்கென்றே எஞ்சியிருக்கிறது.

அந்தப் பாதையில் இறங்கியவர் என்று ஆர். சண்முகத்தைச் சொல்லலாம், அவர் எழுதியது படைவீரனைப் பற்றியன்று என்றாலும். அவருடைய ‘சயாம் மரண ரயில்’ நாவலில் தந்தையைத் தேடி மகன் சயாமுக்குப் போகிறான். ஒரு பேரழிவை ஒரு மகனின் தேடலாகச் சுருக்கியதால்தான் அந்த நாவல் நெஞ்சில் நிற்கிறது. எண்ணிக்கையை எழுதினால் வாசகன் தலையை அசைப்பான். தேடுகிறவனை எழுதினால் கூடவே நடப்பான். நேதாஜியின் படைக்குப் போன தந்தையைத் தேடும் மகனோ மகளோ நம் நாவல்களில் இன்னும் புறப்படவில்லை.

விழா மலர்க் கதைகளில் குடும்பம் வருவதேயில்லையா என்று கேட்கலாம். வருகிறது, ஒரே ஒரு காட்சியில். கூட்டத்தில் நேதாஜி பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து வந்து காதுத்தோட்டையோ தாலிக்கொடியையோ கழற்றிக் கொடுக்கிறாள். நடந்த செய்திதான், மலாயாவெங்கும் பெண்கள் நகைகளைத் தந்தனர். ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அடகுக்கடைக்குக் கொண்டுபோக அவள் காதில் ஒன்றும் இருந்திருக்காது. மாசாத்தனார் இருந்திருந்தால் கதையை அந்த இடத்தில்தான் தொடங்கியிருப்பார்.

எழுத்தில் பதிவானவர்கள் யார் என்று பார்த்தாலும் இதே ஏற்றத்தாழ்வு தெரிகிறது. ஈப்போவில் 1927இல் பிறந்து, தம் சகோதரியுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, பின்னாளில் ஆசிரியராகவும் பெண்ணுரிமைப் போராளியாகவும் விளங்கிய ராசம்மா பூபாலனின் வாழ்க்கை ஆங்கிலத்தில் முழுநூலாக வந்துள்ளது. கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் பின்னர் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகி, 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2014இல் மறைந்தார். இவர்கள் போற்றத்தக்கவர்கள். இவர்களின் பெயர் நிலைத்ததற்கு இவர்களின் துணிவு ஒரு காரணம். கல்வி மற்றொரு காரணம். அதே படையில் இவர்களோடு அணிவகுத்த பெண்களிற் பெரும்பாலோர் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தமிழில்தான் பேசினார்கள், தமிழில்தான் அழுதார்கள். அவர்களைப் பதிய வேண்டிய மொழி தமிழ். பதிந்தது ஆங்கிலம், அதுவும் ஆங்கிலம் அறிந்தவர்களை மட்டும். செந்தூலைச் சேர்ந்த அஞ்சலை பொன்னுசாமி போன்ற சிலர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்ததால் செய்தித்தாள்கள் அவர்களைக் கண்டுகொண்டன. அவர் 2022இல் மறைந்தார். பெயர் நிலைக்க நூறு வயது வாழ்ந்தாக வேண்டும் என்றால் அது கடினமான நிபந்தனை.

பெயர் என்றதும் கல் நினைவுக்கு வருகிறது. மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று வகுத்தார். கல்லில் பெயரெழுத வேண்டும், மயிற்பீலி சூட்ட வேண்டும். பெயரில்லாத கல் வெறும் பாறை. நம் பேரா மாநிலத்தில் கற்களுக்குப் பஞ்சமில்லை. ஈப்போ இரயில் நிலையத்தின் முன்னால் நிற்கும் போர் நினைவுத்தூண் முதல் உலகப்போரில் மாண்ட பேராக்காரர்களுக்காக எழுந்தது; பிற்காலப் போர்களும் அதில் சேர்க்கப்பட்டன. தைப்பிங்கில் மலையடிவாரச் சாலையின் இருபுறமும் அமைந்த போர்க் கல்லறையில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் உறங்குகின்றனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்னாரென்று அறியப்படாதவர். அறியப்படாதவனுக்கும் அங்கே ஒரு கல் உண்டு. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பார் மேட்டில் சப்பானியரைத் தடுத்து நின்றவர்களில் பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியரும் குஜ்ஜாரும் இருந்தனர். அவர்கள் ஆங்கிலேயருக்காகப் போரிட்டவர்கள் என்பதால் நம் எழுத்தில் அவர்களுக்கு இடமில்லாமற் போனது சரியன்று. தொலைதூரப் பஞ்சாபிலும் ஒருத்தி கோதுமை இடித்துக்கொண்டு காத்திருந்தாள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் அருகே மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியபின், தோட்டக் காவலுக்குத் துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலரில் தமிழரும் இருந்தனர். அவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வேண்டும்.

இந்திய தேசிய இராணுவத்துக்கும் ஒரு கல் இருந்தது. 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் இந்துஸ்தானியில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசின் அடையாளக்கல் ஒன்று வைக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு அவர்கள் பகைப்படை; சுதந்திர மலாயாவுக்கு வேறொரு நாட்டின் விடுதலைக்குப் போனவர்கள்; சுதந்திர இந்தியாவுக்கோ கடலுக்கு அப்பால் தங்கிவிட்டவர்கள். மூன்று நாட்டுக் கணக்கிலும் வராதவர்களை ஒரு மொழியின் கணக்கிலாவது எழுதலாம்.

இங்கே இளங்கோவடிகள் செய்த ஒன்றை நம் எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வஞ்சிக்காண்டத்தின் காதைப் பெயர்களைப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. வீரனுக்கென்று வகுக்கப்பட்ட சடங்கின் படிகளே அவை. அவற்றை இளங்கோ யாருக்குச் செய்வித்தார்? களத்தில் மாண்ட எந்த ஆடவனுக்குமன்று, கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு. அவள் கணவன் போர்வீரனும் அல்லன். அவள் பொருட்டு ஒரு வேந்தன் இமயம் வரை படையெடுத்துக் கல் கொணர்ந்தான். தமிழில் மிகப் பெரிய நடுகல் எஞ்சியவளுக்கு நடப்பட்ட கல்தான். தியாகத்தின் உயரத்தைச் சொல்ல இமயத்தைத் துணைக்கழைக்கும் நாம், இமயத்திலிருந்து வந்த அந்தக் கல் எவர் உருவைத் தாங்கியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தோட்டத்து வீடுகளில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜியின் சீருடைப் படம் தொங்கியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வீட்டிலிருந்து படைக்குப் போனவனின் படம் அங்கே இருக்காது. 1943இல் பால்வெட்டும் தொழிலாளி படம் பிடித்துக்கொள்வது எளிதன்று. தலைவரின் முகமே அவனுக்கும் முகமாயிற்று. மாலையிட்டு விளக்கேற்றிய பெண் யாருக்காக ஏற்றினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். நம் கவிஞர்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பாடுகிறார்கள். விளக்கேற்றிய கையைப் பற்றியும், செக்ரோலில் ஒரு நாள் திடீரென்று அழைக்கப்படாமற்போன பெயரைப் பற்றியும், அவன் பங்குக்குரிய மரங்களையும் சேர்த்துச் சீவிய மனைவியைப் பற்றியும், மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கி வந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்ட பாட்டியைப் பற்றியும் எழுதுவோர் எங்கே?

எழுதுவதற்கு இடமும் குறைந்துகொண்டு வருகிறது. பேராவின் பழைய கித்தாத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல செம்பனையாயின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன. சில இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது, சில இடங்களில் அதுவுமில்லை. படைக்குப் போனவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். ஆனால் 1943இல் நான்கைந்து வயதுக் குழந்தைகளாக, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்பா எப்போது வருவார் என்று கேட்டவர்கள் சிலர் எண்பது வயதைத் தாண்டி, ஈப்போவின் புறநகர்த் தாமான்களிலும் கம்பாரிலும் சுங்கை சிப்புட்டிலும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறார்கள். படையைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அம்மா அந்த மூன்று வருடமும் என்ன சமைத்தாள் என்று கேட்டால் நெடுநேரம் பேசுவார்கள்.